கோப்பி வரும்வரை வாய் திறக்கக் கூடாது

போன மாதம் எங்கள் மண்டபத்தில் பேச்சை அனுமதித்துவிட்டார்கள். இனி விருந்தினர் வாசலில் நுழைவது முதல் வெளியேறுவது வரை விரும்பியபடி கதைக்கலாம் என்று புதிய நிர்வாகி அறிவித்திருக்கிறார். அட்டை எழுத ஆள் வேண்டாம். எழுதிக் காட்டத்தான் வேண்டுமென்றால் தொலைபேசித் திரையில் காட்டிக்கொள்ளலாமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை. ஓய்வெடுத்த மனிதன் இதற்கெல்லாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று மனைவி கேட்டாள். நான் கவலைப்படாத விடயம் ஒன்று இருந்தால் சொல்லச் சொன்னேன். அவள் சற்று யோசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னிடம் வேலை பழகியவர்கள் இப்போது வந்து, உங்களுக்கு ஆகக் கஷ்டமான மேசை எது என்று கேட்கிறார்கள். ஏழாம் மேசை என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. ஆகவே மண்டபத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நகரின் நடுவில், பழைய திரையரங்கு ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அது. பதினாறு மேசை, அறுபத்து நான்கு நாற்காலி. பேசாப் படக் காலத்தில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது. நட்சத்திரங்கள் ரயிலேறி மொன்ட்ரியாலுக்கு வந்து குடித்து, ஆடி, விடிந்த பிறகு திரும்பினார்கள் என்பது இந்த ஊரில் பலர் சொல்லும் கதை. அப்படி வந்தவர்கள் எங்கள் மண்டபத்தில்தான் சாப்பிட்டார்கள் என்பது உரிமையாளர் மதாம் சொலாஞ்ச் மட்டும் சொல்லும் கதை. அந்தக் கதையை வைத்துத்தான் சனிக்கிழமை தோறும் விருந்து நடந்தது. விருந்தினர் அந்தக் கால நட்சத்திரங்களைப் போல உடுத்திக்கொண்டு வருவார்கள். மயக்குகிறவள், ஏமாந்தவள், வில்லன், விழுந்தெழும்புகிற கோமாளி என்று வகைகள் உண்டு. வாசலில் ஒட்டுமீசைத் தட்டு இருக்கும். முப்பத்தொரு மீசை வெளியே போனால் முப்பத்தொன்று திரும்பி வரவேண்டும் என்பது என் பொறுப்பு. ஒருமுறை முப்பதுதான் வந்தது. மற்றது காளான் சூப்புக்குள் இருந்ததை ஒரு நீதிபதி கண்டுபிடித்தார்.

மணி அடித்ததும் பேச்சு நின்றுவிடும். கோப்பி மணி அடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் வெளியே வந்தாலும், அந்த மேசை முழுவதையும் எழுப்பி, பியானோவில் அணிவகுப்பு இசை வாசித்து, வாசல்வரை நடத்திச் செல்வார்கள். பேசியது வேலையாள் என்றால் இசை கிடையாது. அடுத்த சனிக்கிழமை அவர் வரத் தேவையில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் மதாமிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவன். பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது.

"மதாம், அந்த நடிகர்கள் படத்தில்தானே பேசவில்லை. இரவு விருந்துகளில் எங்களைப்போல பேசியிருப்பார்களே?"



"பேசினார்கள். அதனால்தான் கெட்டுப்போனார்கள்," என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மதாமின் முறையே தனி. ஐந்தடிக்கும் குறைந்த உயரம். தலையில் ஒரு வெள்ளை இறகு. மண்டபத்தில் அவர் யாரையும் ஏசியது கிடையாது. இறகு ஒருமுறை ஆடினால் மேசை விரிப்பு கோணலாக இருக்கிறது. இரண்டு முறை ஆடினால் யாரோ சாப்பிட்டுக்கொண்டே முணுமுணுக்கிறார்கள். மூன்றுமுறை ஆடி நான் ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். அன்று ஒருவருடைய நெருப்புக்கோழி இறகுச் சால்வை மெழுகுதிரியில் பிடித்துக்கொண்டது. அப்போதும் மதாம் சத்தம் போடவில்லை. தண்ணீர்க் குவளையைத் தூக்கி ஊற்றிவிட்டு, அட்டை எழுதுகிறவரைப் பார்த்தார். அவர் "தீ!" என்று எழுதி, விதிப்படி நான்கு பக்கமும் காட்டினார்.

என்னை வேலைக்கு எடுத்ததும் அப்படித்தான். ஒரு வசனம் எழுதச் சொன்னார். எழுத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"உன் முகம் அசைவதே இல்லையே?"

"கவலையில் இருக்கிறேன், மதாம்."

"நல்லது. அப்படியே இரு."

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் மேலங்கிகளை எண்ணினேன், பிறகு மீசைகளை எண்ணினேன், பிறகு கையில் அட்டை தந்தார்கள். அட்டை வேலைதான் உண்மையான வேலை. கறுப்பு அட்டை, வெள்ளைப் பென்சில். விருந்தினர் ஒருவர் சைகை காட்டினால் அவர் என்ன சொல்ல விரும்புகிறார் என்று ஊகித்துப் பிரெஞ்சில் எழுத வேண்டும். பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. அட்டையை நாடிக்குக் கீழே பிடித்து, மண்டபத்தின் நான்கு பக்கமும் திரும்பி, ஒவ்வொரு பக்கத்திலும் மனதுக்குள் ஏழு எண்ண வேண்டும். என்ன எழுதியிருந்தாலும் முகம் மாறக் கூடாது. ஊகம் பிழைத்தால் அது எழுதியவன் தலையில்தான். ஓர் அம்மையார் புறங்கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார். நான் "என் இதயம் உடைந்துவிட்டது" என்று எழுதி நான்கு பக்கமும் காட்டினேன். மண்டபமே உருகியது. அவருக்கு ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்திருக்கிறது.

பியானோ வாசித்தவர் அன்ரன். மட்டக்களப்புக்காரர், கோயில் ஆர்மோனியத்தில் பழகியவர். மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

வேலையாட்களுக்கும் வேடம் உண்டு. முகத்தில் வெள்ளை மா, உதட்டில் கறுப்பு மை. வேலை முடிந்ததும் கழுவிவிட்டுத்தான் போவேன். ஒரு சனிக்கிழமை கழுவும் தொட்டியில் தண்ணீர் வரவில்லை. அப்படியே மெத்ரோ ரயில் ஏறி பார்க் நிலையத்தில் இறங்கியபோது, எதிரே பக்கத்து நகரான லவாலைச் சேர்ந்த இரண்டு தமிழ்க் குடும்பத்தினர் வந்தார்கள். நான் வணக்கம் சொன்னேன். அவர்கள் திரும்பச் சொல்லவில்லை.

இதைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் இருந்தது. என் மகள் துளசிக்கும் லவாலில் இருக்கும் கஜன் என்ற பிள்ளைக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. முறைப்படி பேசலாம் என்று இருந்த நேரம். கஜனின் தகப்பன் சபாரத்தினம், ஊரில் போஸ்ற் மாஸ்டராக இருந்து ஓய்வெடுத்தவர். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு என்று சொல்வார்கள். மறுநாள் காலையே தொலைபேசி எடுத்தார்.

"நீர் என்ன வேலை செய்யிறீர்?"

விளக்கமாகச் சொன்னேன்.  

"கதைக்காமச் சாப்பிடுறதுக்கு ஆர் வருவினம்?"

"வருவினம், மாஸ்டர். நிறையப் பேர்."

"மாப் பூசிக்கொண்டு இராத்திரியில கிளப்பில நிக்கிற ஆளெண்டுதான் இஞ்ச கதை. நான் நேர வந்து பாக்கிறன். பேந்துதான் முடிவு."

துளசி அன்று என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, எனக்குக் கஜனை விட்டா வேற ஒருத்தரும் வேண்டாம். அவரும் அப்பிடித்தான். ஆனா தகப்பன் வேண்டாமெண்டா அவர் மீறமாட்டார். தயவுசெய்து ஒண்டும் பிழைச்சுப்போகாமப் பாருங்கோ."

பிழைத்துப்போகக்கூடியவற்றை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது வந்தது. உண்மையில் பிழைத்தது எதுவும் அந்தப் பத்தொன்பதுக்குள் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை சபாரத்தினம் கோட் சூட்டிலும், மனைவி பரமேஸ்வரி அரக்குக் காஞ்சிபுரத்திலும் வந்து நின்றார்கள். மதாம் அவர்களைக் கண்டு கையைச் சேர்த்துப் பரவசப்பட்டார். பேசாப் படங்களில் கிழக்கத்திய மகாராஜா கட்டாயம் ஒருவர் வருவாராம். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பொருத்தமான வேடத்தை அவர் பார்த்ததில்லையாம். சபாரத்தினத்துக்கு ஏற்கெனவே மீசை இருந்தது. மதாமுக்கு அது போதவில்லை. அதன் மேலேயே பெரிதொன்றை ஒட்டிவிட்டார்.

"உந்த மனிசிக்கு என்ன விசரோ?" என்று சபாரத்தினம் என்னிடம் கேட்டார்.

"வழமை அப்பிடித்தான், மாஸ்டர். எல்லாருக்கும் ஒட்டுறது."

பரமேஸ்வரி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெலிந்த, அமைதியான அம்மா.

"உண்மையா ஒருத்தரும் கதைக்க ஏலாதோ?"

"கோப்பி வரும்வரைக்கும் ஏலாது."

"இவருமோ?"

"இவரும்தான்."

"லவாலில இருந்து வாற வழி முழுக்கக் கதைச்சவர்," என்றுவிட்டு, அவர் நாற்காலியை இழுத்து வசதியாக இருந்தார்.

அன்ரன் பியானோவுக்குப் போகிற வழியில் என் காதில், "மச்சான், உங்கட ஆளுக்கு வாயைக் கட்டினா உயிர் போயிரும். அணிவகுப்பு இசையை இப்பவே எடுத்து வைக்கட்டா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்தது.

அவர்கள் இருந்தது ஏழாம் மேசை. அது என் மேசை.

அன்று புரட்டாதிச் சனி. சபாரத்தினம் விரதம். அவர்களுக்கு மரக்கறி என்று சமையலறையில் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆனால் பரிமாறுகிறவர் விதிப்படி ஒருமுறை சைகையில் கேட்டு உறுதிசெய்வார். தட்டில் காளானும் இருந்தது, வாத்து இறைச்சியும் இருந்தது. காளானைத் தூக்கிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். பரமேஸ்வரி விரலால் தொட்டுக் காட்டினார், காளான் கிடைத்தது. சபாரத்தினம் மிகுந்த திருப்தியோடு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து ஆட்டினார். எங்களுக்கு அது ஓம். கியூபெக் மனிதருக்கு அது வேண்டாம். காளானை எடுத்துக்கொண்டு வாத்தை வைத்துவிட்டுப் போனார்.

சாஸ் ஊற்றியிருந்ததால் அது என்னவென்று தெரியவில்லை. சபாரத்தினம் முள்ளுக்கரண்டியை எடுத்தார்.  விரதம் முறித்துவிட்ட கோபத்தில் மனிதர் எழுந்து கத்தினால் அணிவகுப்பு இசை, வாசல், பிறகு துளசிக்குச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? பிரெஞ்சில் எழுதினால் அவருக்கு விளங்காது. இருபது வருடம் லவாலில் இருந்தும் அவருக்கு போன்ஜூர், மெர்சி இரண்டும்தான் தெரியும். அந்த மண்டபத்தில் முதல்தடவையாக நான் தமிழில் எழுதினேன்.

"அது வாத்து. தொடாதேங்கோ. மாத்தித் தாறன்."

எழுதிய அட்டையை நான்கு பக்கமும் காட்டியே தீரவேண்டும். காட்டினேன். மண்டபம் மூச்சு விடாமல் எங்கள் எழுத்தைப் பார்த்தது. மூன்றாம் மேசையில் ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்தார்.

சபாரத்தினம் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நன்றி சொல்கிற பார்வையாகத் தெரியவில்லை. வந்த காரணம் அவருக்கு நினைவு வந்துவிட்டது. எழுந்து என் கையிலிருந்த பென்சிலைப் பறித்து, புதிய அட்டையில் எழுதி என்னிடமே தந்தார்.

"உமக்கு முகத்தில மாப் பூசிவிட்டது ஆர்?"

விதி விதிதான். என்னைப் பற்றிய கேள்வியை என் நாடிக்குக் கீழேயே பிடித்து, நான்கு பக்கமும் திரும்பி, ஏழு ஏழாக எண்ணினேன். பிறகு பதில் எழுதினேன்: "வேலை விதி. வீட்டை வரமுந்திக் கழுவிப்போடுவன். அண்டைக்குத் தண்ணி வரேல்லை." எட்டுச் சொல். நான்கு பக்கம்.

"குடிக்கிறனீரோ?"

அன்ரன் பியானோவில் ஆழமான, பயங்கரமான இசைக்கு மாறினார். எங்கள் மேசையை விட்டால், மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் அந்த அட்டைகளை வாசிக்கத் தெரியும். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"இல்லை" என்று எழுதிக் காட்டினேன். அன்ரன் இசையை இனிமையாக்கினார். மண்டபம் கை தட்டியது.

"சிகரெட்?"

"இல்லை."

"பொடிச்சி கலியாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாளோ?"

இங்கே நான் தடுமாறினேன். போகமாட்டாள் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்கும். துளசிக்கு அது தெரிந்தால் என்னோடு பேசமாட்டாள். "அதை அவளைத்தான் கேக்கவேணும்" என்று எழுதினேன். சபாரத்தினத்தின் இரண்டு மீசையும் ஒன்றாக எழும்பின. மண்டபத்தின் மறுகோடியில் வெள்ளை இறகு ஆடத் தொடங்கியது. மதாம் எங்கள் மேசையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பிரெஞ்சில் மட்டும் எழுத வேண்டும் என்ற விதியை நான் முறித்துவிட்டேன். விருந்தினர் பென்சிலைத் தொடக் கூடாது என்ற விதியை சபாரத்தினம் முறித்துவிட்டார்.

மதாம் வந்து சேர்வதற்கு முன் கஸ்தோன் வந்துவிட்டார்.

கஸ்தோன் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். எல்லாச் சனிக்கிழமையும் வில்லனாக வருவார். கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, கையில் ஒரு சிவப்பு ரோஜா. ஒவ்வொரு முறையும் ஒரு பெண்ணின் முன் மண்டியிட்டு, அவளைக் கடத்திக்கொண்டு போகப்போவதாகச் சைகை காட்டுவார். அன்றைக்கு அவர் தெரிவுசெய்தது பரமேஸ்வரியை. முழங்காலில் நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்து, மற்றக் கையால் ரோஜாவை நீட்டி, வெளியே குதிரைவண்டி காத்திருக்கிறது என்று கண்ணால் காட்டினார்.

சபாரத்தினம் எழுந்தார். முகம் காஞ்சிபுரத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. வாயைத் திறந்தார். அன்ரன் வாசிப்பதை நிறுத்தி, அணிவகுப்பு இசைக்கு விரல்களைத் தயாராக வைத்தார். என் கையில் வெறும் அட்டை இருந்தது.  துளசியின் கலியாணம் அந்த வாய்க்குள் நின்றுகொண்டிருந்தது.

பரமேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே இடது கையால் கணவனின் கோட் நுனியைப் பிடித்து ஓர் இழுவை இழுத்தார். மனிதர் நாற்காலியில் விழுந்தார். திறந்த வாய் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பிறகு அந்த அம்மா ரோஜாவை வாங்கி, மணந்து பார்த்து, நிதானமாகத் தன் கொண்டையில் செருகிக்கொண்டார். பதிலுக்கு வாத்துத் தட்டைத் தூக்கிக் கஸ்தோனின் நீட்டிய கையில் வைத்தார். இனிப் போகலாம் என்று தலையசைத்தார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கை தட்டியது. கஸ்தோன் எழுந்து, வாத்தோடு தன் மேசைக்குப் போய், அதைச் சாப்பிடத் தொடங்கினார். மதாம் நடந்துவந்த இடத்திலேயே நின்றுவிட்டார். இறகும் நின்றது.

பரமேஸ்வரி என் பக்கம் கையை நீட்டினார். அட்டையையும் பென்சிலையும் கொடுத்தேன். ஒருமுறை கூட நிறுத்தாமல் எழுதித் திருப்பித் தந்தார்.

"எங்களுக்குச் சம்மதம். தையில நாள் பாருங்கோ. இவர் கதைக்கத் தொடங்கமுந்தி எழுதிறன்."

ஒன்பது சொல். நான் மூன்று முறை எண்ணினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். முகம் மாறக் கூடாது என்பது விதி. முகம் மாறியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மா இருந்தபடியால் மற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது. எப்போதும் பியானோ பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். அன்ரன் அட்டையை வாசித்தார். அவருடைய கை கட்டையிலிருந்து எழும்பிவிட்டது.

அடுத்த பக்கம் திரும்பமுன் மதாம் எதிரே வந்து நின்று, விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்: பிரெஞ்சில். மண்டபம் முழுவதும் அதற்காகக் காத்திருந்தது. அந்த அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்னொன்றில் பிரெஞ்சில் எழுதினேன்: இவர்கள் தங்கள் மகனை என் மகளுக்குத் தருகிறார்கள். நான்கு பக்கமும் காட்டினேன்.

இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பும்போதே முதல் பக்கம் எழுந்து நின்றுவிட்டது. நான்காம் பக்கம் முடியும்போது நாற்காலியில் இருந்தது சபாரத்தினம் மட்டும்தான். அன்ரன் கலியாண இசையை வாசித்தார். கஸ்தோன் வாயில் வாத்தோடு அழுதுகொண்டிருந்தார். சபாரத்தினம் சுற்றும் முற்றும் பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்த்தே கை தட்டுவதைக் கண்டார். வாத்தைத் தொடாத தன் விரதத்துக்காக இருக்கும் என்று நினைத்தாரோ, மீசைக்காக என்று நினைத்தாரோ, தெரியாது. எழுந்து, கோட்டைச் சரிசெய்து, இரண்டு கையையும் கூப்பி, முன்னாலும் பின்னாலும் இடத்திலும் வலத்திலும் ஒவ்வொரு கும்பிடு போட்டார்.

கோப்பி மணி அடித்தது. மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கியது.

"என்னத்துக்கு இவ்வளவு சனமும் எழும்பினது?" என்று சபாரத்தினம் கேட்டார்.

"நீங்கள் ஓம் எண்டதுக்கு," என்றார் பரமேஸ்வரி.

"நான் எப்ப ஓம் எண்டனான்?"

"இப்பத்தான். நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டியள்."

கவிழ்ந்திருந்த அட்டையைச் சபாரத்தினம் நிமிர்த்தி வாசித்தார். அதற்குள் மூன்றாம் மேசை அம்மையார் வந்து அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் கைகுலுக்க வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ஒருவர் அவருக்குச் சுருட்டுக் கொடுத்தார். ஒரு நீதிபதி மகாராஜாவுக்கு வாழ்த்து என்றார். இத்தனை பேருக்கும் முன்னால் இல்லையென்று சொல்ல வேண்டுமானால் பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும்.

"மெர்சி," என்றார் சபாரத்தினம். "மெர்சி. மெர்சி."

வரிசை முடிந்ததும் மனைவியின் கொண்டையில் இருந்த ரோஜாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, ஏன் உதில நிக்கிறீர்? இரும்."

விருந்தினர் மேசையில் வேலையாள் உட்காரக் கூடாது. மதாமின் பக்கம் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே மெழுகுதிரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் கதைக்கத் தொடங்கினார். கலியாணம் முடிந்து, பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர் இன்னும் நிறுத்தவில்லை.